சூப்பக்காவின் தலை

தலையில் இருக்கும்வரை முடியைப் பற்றி அவளுக்கு எந்தப் புகாரும் இல்லை. தலையை விட்டு இறங்கிவிட்டால்தான் ஆகவே ஆகாது. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நெளியும் ஒற்றை முடியைப் பார்த்தால் போதும், குடலைப் பிரட்டிக்கொண்டு வரும். சாப்பாட்டில் ஒன்று அகப்பட்டுவிட்டால் அந்தத் தட்டு மட்டுமல்ல, அன்றைய பொழுதே அவளுக்குக் கெட்டுவிடும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் அப்பிய கையோடு வீட்டுக்குள் வந்தாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். தலை துவட்டிய துண்டை உதறாமல் கொடியில் போட்டாரோ, தொலைந்தார்.

வேலையும் அதற்கேற்றாற்போல் வாய்த்தது. கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் சூப்புக்கு அவள்தான் பொறுப்பு. இடுப்பளவு உயரமான அண்டாக்களுக்கு முன்னால், துடுப்பு போன்ற நீளக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உலையடியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வருகிறவர்கள் முதலில் கேட்பது சூப்பைத்தான். அதனால் பெயரே சூப்பக்கா என்று ஆகிவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். காலையில் அடுப்புப் பற்ற வைக்குமுன் சமையற்கட்டில் இருக்கும் ஒவ்வொருவர் தலையையும் அவள் கண் ஒரு சுற்று சுற்றி வரும். காதோரம் ஒரு முடி தொப்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தாலும் விடமாட்டாள். "உள்ள தள்ளு அதை. உன் முடியைத் திங்கிறதுக்கா அவங்க வர்றாங்க?" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அது வந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் நாத்தனார். கணவரின் தங்கை, பக்கத்துத் தெருவில் குடியிருந்தாள், துணிக்கடை ஒன்றில் வேலை. உலகத்தில் எந்த நோயைச் சொன்னாலும் அதற்கு யாரோ சொன்ன வைத்தியம் ஒன்று அவள் கைவசம் இருக்கும். ஒரு விடுமுறை நாளில் அண்ணிக்குப் பின்னல் போட்டுவிட உட்கார்ந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

"அண்ணி, இங்க ஒரு இடத்துல ஒண்ணுமே இல்ல."

விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள் இவள். உரித்த முட்டையைத் தொட்டதுபோல் வழவழவென்று இருந்தது. தன் உடம்பில் அப்படி ஓர் இடம் இருக்கலாம் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. உடனே போய்க் கையைக் கழுவினாள். ஏன் கழுவினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு அது நின்ற பாடில்லை. ஒரு வட்டம் இரண்டானது, இரண்டு சேர்ந்து ஒன்றானது. சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. குளித்தால் தண்ணீர் போகாமல் கணுக்கால் வரை தேங்கி நின்றது. கணவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வடிகுழியின் மூடியைத் திறந்து அவளே கையை விட்டு இழுத்தாள். சோப்பு நுரையும் அழுக்கும் ஏறி, செத்த பெருச்சாளி மாதிரி கனமாக ஒரு கற்றை வந்தது. வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். எடுத்த வாந்தியைக் கழுவ நிமிர்ந்தால் பேசினிலும் முடி. தலையணையில் முடி, துவைத்த துணியில் முடி, வாய்க்குள் முடி. வாழ்நாள் முழுக்க எதைக் கண்டு ஓடினாளோ அது அவள் தலையிலிருந்தே அவளைத் துரத்த ஆரம்பித்தது. அட்டைப்பெட்டி ஒட்டும் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு காலையில் படுக்கையை ஒற்றி ஒற்றி எடுப்பாள். கணவர் பாதித் தூக்கத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வார். பாவம், அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நாத்தனாருக்குத் தெரிந்திருந்தது. வெங்காயச் சாறு வந்தது. அது போட்டதும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி எழுந்து நின்றுகொண்டு பயணம் செய்தாள். பிறகு முட்டை. பிறகு ஒரு கறுப்பு எண்ணெய். பாட்டிலைத் திறந்தால் எலி செத்த பரண் நாற்றம். கடைசியாகப் பூண்டை அரைத்து ஒரு விழுது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம், பொறுத்துக்கோங்க அண்ணி என்றாள். இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். மறுநாள் தலை முழுக்கக் கொப்புளம். கொப்புளம் உடைந்து நீர் வடிந்து, தலையணை உறை தோலோடு ஒட்டிக்கொண்டது. வெந்நீர் ஊற்றி ஊற வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. அதோடு கணவர் தங்கையிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டார். நாத்தனார் ஒரு வாரம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

தோல் மருத்துவர் தலையைப் பார்த்து முதலில் அந்தப் புண்ணுக்குத்தான் மருந்து கொடுத்தார். அப்புறம் விளக்கிச் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே முடியின் வேரை எதிரி என்று தப்பாக நினைத்து அடிக்கிறதாம். எண்ணெய்க் குறைவும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை, அவள் செய்த தப்பும் ஒன்றும் இல்லை. தலையில் சின்னச் சின்ன ஊசியாகப் போட்டார். அதுவும் எடுபடவில்லை. அப்புறம் வேண்டுமென்றே தோலில் அரிப்பைக் கிளப்பும் ஒரு திராவகத்தைத் தடவினார். அந்தச் சக்தியின் கவனத்தைத் திருப்புவதற்காம். கவனம் திரும்பியதோ என்னவோ, சொறிந்து சொறிந்து நகக்கண்ணெல்லாம் பொருக்கு. சூப்பைக் கிளறும் கை இது என்ற நினைப்பில் நகத்தை ஒட்ட வெட்டினாள், கையுறை மேல் கையுறை போட்டாள்.

புதிதாக ஒரு மாத்திரை வெளிநாட்டில் வந்திருக்கிறது, இங்கேயும் வந்துவிடும் என்று மருத்துவர் சொன்னார். எப்போது என்று கேட்டாள். அடுத்த வருஷம் என்றார். அடுத்த வருஷம் போய்க் கேட்டபோதும் அதையே சொன்னார்.

இந்தக் காத்திருப்புக்கு நடுவே புருவம் போனது, இமை போனது. புருவம் எதற்கு இருக்கிறதென்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அண்டாவின் ஆவியில் நெற்றியில் பூக்கும் வேர்வை தங்குதடையில்லாமல் நேரே கண்ணுக்குள் இறங்கியது. மூக்குக்குள் இருந்த முடியும் உதிர்ந்துபோனதால் மூக்கு தண்ணீராக ஒழுகிக்கொண்டே இருந்தது. சூப் அண்டாவுக்கு மேலே ஒழுகும் மூக்கு. நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. துணி முகமூடி ஒன்றைக் கட்டிக்கொண்டாள், தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொன்னாள். புருவத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டாள். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கேன்டீனில் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் கொத்துக் கொத்தாகக் கொட்டிய நாட்களில் யாரோ பார்த்திருக்கிறார்கள். சூப்பக்காவுக்கு முடி கொட்டுதாம் என்ற பேச்சு பாத்திரம் கழுவும் பக்கம் வரைக்கும் போயிருந்தது.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு கதை. ஒட்டுவாரொட்டியா என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். இன்னொருத்தி வேறு ஏதோ பெரிய வியாதி என்று முடிவு கட்டிக்கொண்டு, பழம் கொண்டுவந்து கொடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்றி அனுப்புவதற்குள் இவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கண்ணீர்க் கை பட்ட பழத்தைத் தின்ன மனம் வரவில்லை.

கடைசியில் விக் வாங்கினாள். "ஒரிஜினல் மனுச முடிம்மா, தொட்டுப் பாருங்க" என்று கடைக்காரர் பெருமையாக நீட்டினார். தொட்ட விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். யாருடைய முடி? எந்த ஊர்த் தலை? அந்தத் தலையில் பேன் இருந்ததா, ஈரு இருந்ததா? ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. பஸ்ஸில் போக வர அதை மாட்டிக்கொண்டாள். கேன்டீன் வந்ததும் கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு விக்கைக் கழற்றித் தொப்பியை மாட்டுவாள். விக் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய் அவளுடைய பூட்டிய அலமாரியில் இருக்கும். மாலையில் டப்பாவைத் திறந்தால் வேர்வையும் பசையும் கலந்த புளித்த வாடை அடிக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையில் வைப்பாள்.

நடந்தது ஒரு மதிய வேளையில். சாப்பாட்டுக் கூடம் நிறைந்திருந்தது. உலைப் பிரிவின் போர்மேன் ஒருவர், எந்நேரமும் வாயோரத்தில் பல்குச்சி இருப்பதால் அவருக்குப் பெயரே பல்குச்சி, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்கு வந்தார். அந்தக் குச்சியால் சூப்புக்குள்ளிருந்து எதையோ தூக்கிக் காட்டினார். நீளமான கறுப்பு முடி. நுனியில் ஒரு துண்டு கேரட் தொங்கியது.

அவள் ஓரடி பின்வாங்கினாள். முடியைக் கண்டதும் வழக்கமாக வரும் அருவருப்புதான், பயமெல்லாம் இல்லை. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். கூடத்தில் பாதிப் பேர் சாப்பிடுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் குரலைத் தாழ்த்தவில்லை. எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றே பேசியதுபோல் இருந்தது.

"உங்களுக்கு முடி கொட்டுதுன்னு ஊரே சொல்லுதும்மா. நானும் போனாப் போகுதுன்னு இருந்தேன். நாளையிலிருந்து பாத்திரம் கழுவுற பக்கம் போயிடுங்க."

"இது என் முடி இல்ல சார்."

"இல்லன்னா வேற யாரோடது? சமையல் கட்டுல இவ்வளவு நீளம் வேற யாருக்கு இருக்கு?"

அவள் சுற்றிப் பார்த்தாள். சமையல் மாஸ்டரும் காய் நறுக்குகிறவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை நாளும் இவர்களுடைய காதோரத்து முடியைத்தான் உள்ளே தள்ளச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. எல்லார் மேலும் ஒரு குமட்டல்தான் வந்தது. கையுறையைக் கழற்றினாள். தொப்பியைப் பிடித்து இழுத்துக் கவுன்டர்மேல் வைத்தாள்.

தலை ஆவியில் நனைந்து பளபளத்தது. ரப்பர் பட்டை அழுத்திய தடம் நெற்றியைச் சுற்றிச் சிவப்பாக ஓடியது. பூண்டு வெந்த இடங்கள் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தன. திராவகம் பட்ட இடத்தில் தோல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகச்சுளிப்பு இவளுக்கு நன்றாகப் பழக்கம். குளியலறைச் சுவரில் முடியைப் பார்க்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று முதல்முறையாக வெளியே இருந்து பார்த்தாள்.

"மூடிக்கோங்கம்மா" என்றார் மேனேஜர். "ப்ளீஸ்."

"எதுக்கு சார்? இதுல இருந்து இனிமே எதுவும் கொட்டாது."

மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். அன்றே கேட்டார், மறுநாள் எல்லாரையும் கூட்டி வைத்தும் கேட்டார். அந்தக் கூட்டம்தான் அவளுக்கு இன்னும் சகிக்கவில்லை. தைரியம், பொறுமை, நம் குடும்பம் என்றெல்லாம் பேசினார். நேற்று தரையைப் பார்த்தவர்கள் இன்று கை தட்டினார்கள். ஆளாளுக்கு வந்து தோளைத் தொட்டு, என் சித்தி பொண்ணுக்கும் இப்படித்தான், ஒரு இலை இருக்கு அக்கா, அரைச்சுப் போட்டா குபுகுபுன்னு வந்துடும் என்று ஆரம்பித்தார்கள். இலை என்ற சொல்லைக் கேட்டதுமே அவளுக்குத் தலை எரிந்தது.

அன்று மாலை வீட்டில் டப்பாவைத் திறந்து விக்கைத் தூரிகையால் வாரினாள். தூரிகையில் சில முடிகள் சிக்கி வந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதே நீளம். அதே கறுப்பு. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சூப்பில் முடி கிடந்த அன்று பஸ் தாமதம். கழிவறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. அவசரத்தில் காய்கறி வைக்கும் அறையிலேயே, கேரட் கூடைக்குப் பக்கத்தில் நின்றுதான் விக்கைக் கழற்றினாள்.

கணவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் அந்த முடியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே போடப்போனார். அவள் முறைத்ததும் பத்திரமாகக் குப்பைக்கூடையில் போட்டார்.

"விடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக ஓங்கரித்தது, எழுந்து ஓடினாள்.

மறுநாள் பல்குச்சி சூப்புக்கு நீட்டிய கிண்ணத்தை அவள் வாங்கவில்லை. முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். "அண்ணே, அது என் தலையில இருந்து வரல. ஆனா என் விக்ல இருந்து வந்திருக்கும்."

அவர் வாயிலிருந்த குச்சியை எடுத்தார். "அப்ப அது யாரோட முடிதான்?"

"அதுதான் எனக்கும் தெரியல."

அவர் குச்சியைக் குப்பையில் போட்டார். கிண்ணத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர் சூப் குடித்து யாரும் பார்க்கவில்லை. ஆனால் விஷயத்தை வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. அதற்காக அவள் அவருக்கு நன்றியோடுதான் இருந்தாள். மேனேஜரிடம் அவளே போய்ச் சொன்னாள். ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேட்ட மனிதர் என்ன செய்வார்? தலையைத் தடவிக்கொண்டார், சரி போங்க என்றார்.

விக்கை அன்றே குப்பைத் தொட்டியில் எறிந்தாள். கதை அதோடும் முடியவில்லை. விடிந்ததும் தெருவில் ஒரே கூச்சல். நாய் ஒன்று அதை இழுத்துவந்து சாக்கடை ஓரத்தில் போட்டிருந்தது. ஏதோ பிராணி செத்துக் கிடக்கிறது என்று எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி வளைத்து நடந்தார்கள். ஒருவர் குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு, தலையே இருக்கு என்று பின்வாங்கினார். அவளும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டி பஸ்ஸுக்கு நடந்தாள். மொட்டைத் தலையோடு. கூட்டத்தில் ஒருவரும் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. செத்த பிராணியைப் பார்க்கவே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

நாத்தனார் சமாதானமாகி மறுபடி வரத் தொடங்கியிருந்தாள். இப்போது விழுது எதுவும் கொண்டுவருவதில்லை, கைபேசியில் படம்தான். எங்கேயோ ஆராய்ச்சிக்கூடத்தில் ஓர் எலிக்கு முடி முளைக்க வைத்துவிட்டார்களாம். முதுகு நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு கட்டம் முளைத்த இளஞ்சிவப்பு எலி.

"எலிக்கே முளைச்சிருச்சு அண்ணி. நமக்கு முளைக்காதா?"

எலியைச் சமையற்கட்டிலிருந்து விரட்டவே பாதி ஆயுள் போனவள் இவள். அந்தப் படத்தைப் பார்த்தபின் இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை. தினம் ஒரு எலி வர ஆரம்பித்ததும், எலிக்கு வாழ்த்துச் சொல்லிடு, எனக்கு அனுப்பாதே என்று சொல்லிவிட்டாள்.

ஒருவழியாக அந்த மாத்திரை வந்து சேர்ந்தது. ரத்தத்தைச் சோதித்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். உடம்பின் காவலைக் கொஞ்சம் தளர்த்துகிற மருந்து, சளி காய்ச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள் என்று எச்சரித்தார்கள். விழுங்கினாள். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று தலையைத் தடவினாள். தன்னைப் பார்க்கவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. கெட்டுப்போனதை முகர்ந்து முகர்ந்து பார்த்து, இன்னும் நன்றாகத்தான் இருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறவர்களை அவளுக்குக் கண்டாலே பிடிக்காது. இப்போது தானே அப்படி ஆகிவிட்டாளே!

முதல் முடி முளைத்தது மோவாயில். ஒற்றை முடி, தடித்துக் கறுத்து, கம்பி மாதிரி. மருத்துவருக்கு ஒரே சந்தோஷம். நல்ல அறிகுறி என்றார், விளக்கைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டார். தலையில் வேண்டாம் டாக்டர், மூக்குக்குள்ள மட்டும் முளைக்க வெச்சாப் போதும், ஒழுகுறது நின்னா நான் பொழைச்சுக்குவேன் என்றாள் அவள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிறகு தலையிலும் வந்தது. பிடரியில் கொஞ்சம், ஒரு பக்கத்துக் காதுக்கு மேலே கொஞ்சம், வெள்ளையாகப் பொசுபொசுவென்று. நாத்தனார் பார்த்துவிட்டு ஆனந்தத்தில் அழுதாள். கணவர் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அவள் குனியும்போதெல்லாம் அதை எட்டிப் பார்த்தார். அவளுக்கு மட்டும் அது ஈர ரொட்டியில் பிடித்த பூஞ்சணமாகத்தான் தெரிந்தது. வேலையில் அப்படி ஒரு ரொட்டி கண்ணில் பட்டால் அடுக்கையே தூக்கி எறிகிறவள். எத்தனை நாள் அதைத் தலையில் வைத்துக்கொண்டிருப்பாள்?

ஒரு காலை சவரக் கத்தியை எடுத்துக் கணவர் கையில் கொடுத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவர் தயங்கினார். "இவ்வளவு நாள் இதுக்குத்தானே காத்திருந்தோம்?"

"வர்றதா இருந்தா முழுசா வரட்டும்ங்க. பாதியில நிக்கிறத என்னால சுமக்க முடியாது."

அவர் சோப்பைக் குழைத்துத் தடவினார். லிஃப்ட் கம்பிகளைக் கையாள்கிற மனிதர் ஒவ்வொரு இழையாக எண்ணுவதுபோல் மெதுவாக வழித்தார். வழித்து முடித்ததும் அவள் சொல்லாமலே துண்டை ஜன்னலுக்கு வெளியே உதறினார், கத்தியைக் கொதிநீரில் போட்டார், தரையை இரண்டு முறை துடைத்தார்.

படம் எடுக்க வைத்திருந்ததை வழித்துவிட்டீர்களே என்று மருத்துவர் கடிந்துகொண்டார். ஆனால் கடிந்து பிரயோஜனம் இருக்கவில்லை. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இரைத்து, மாத்திரையை நிறுத்தவேண்டி வந்தது. மோவாய் முடி உட்பட எல்லாம் உதிர்ந்தது. இன்னொரு மருந்து சோதனையில் இருக்கிறது, இதைவிடப் பாதுகாப்பானது, அடுத்த வருஷம் வந்துவிடும் என்றார் மருத்துவர்.

சொல்லி அனுப்புங்கள், வருகிறேன் என்றாள். வருவாள்தான். மருந்து வந்தால் விழுங்குவாள், ஊசி என்றால் தலையை நீட்டுவாள், அதற்கு நடுவில் தன்மேல் வருகிற அருவருப்பையும் சேர்த்து விழுங்குவாள். வெளியே வந்து பஸ்ஸில் ஏறினாள். பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் இவள் தலையைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள். ஜன்னலோரம் காலியானது. இவள் அங்கே தள்ளி உட்கார்ந்து, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குச் சூப்புக்கு என்ன காய் வந்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.